ஹார்ன் அடித்தால் வெளியே வரும் கடை

எனக்கு எதிரி என்று இந்த உலகத்தில் யாராவது உண்டென்றால் அது ஒரு ஹார்ன் சத்தம்தான். என் வீட்டுக்காரர் செல்வகுமார் ஓமானில், பாலைவனத்துக்கு நடுவே ஒரு கடையைப் பார்த்துக்கொள்கிறார். தினமும் சாயங்காலம் போன் செய்வார். "என்ன சேதி?" என்பேன். "ஒண்ணும் இல்ல, நல்லாருக்கேன்" என்பார். நான் அடுத்ததைக் கேட்க வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் ஒரு வண்டி அலறும். "ஹார்ன் அடிக்கிறாங்க, வைக்கிறேன்" என்று வைத்துவிடுவார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் பெரும்பகுதி இப்படித்தான் ஓடியது.

போன தடவை லீவில் வந்தபோது, இன்னும் கொஞ்ச நாளில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிடுவதாகச் சொன்னார். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. அறந்தாங்கிப் பக்கத்தில் எங்கள் வீட்டில் நானும் ஒரு கிரைண்டரும்தான் மிச்சம். ஆனால் திரும்பிப் போனவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் எடுத்தால் ஹார்ன். நான் ரேஷன் கடையில் விற்பனையாளர். நேராகக் கேட்டால் நெளிகிற ஆட்களை நிறையப் பார்த்தவள். இந்த மனுஷன் வருகிறாரா இல்லையா என்று நேரிலேயே கேட்டுவிடுவது என்று லீவு போட்டு, விசிட் விசாவில் கிளம்பினேன். எனக்கு வேண்டியது ஒரே ஒரு பதில்.

முதல் நாள் மஸ்கட்டில், ரூவியில் தங்கல். விமான நிலையத்துக்கு அவர் வரவில்லை. "கடையைப் பூட்டிட்டு வர முடியாது மல்லிகா" என்று முன்பே சொல்லிவிட்டார். பெண்டாட்டி முதல்முறையாகக் கடல் தாண்டி வருகிறாள், ஒரு நாள் பூட்டினால் என்ன குடி முழுகிவிடும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருடைய நண்பர் ஒருவர் வந்து என்னை ஒரு லாட்ஜில் சேர்த்தார். கீழே ஓட்டலில் பரோட்டா கேட்டேன். "சால்னாவா, குருமாவா அக்கா?" என்றவர் பேராவூரணிக்காரர். எங்கள் பஸ் ஸ்டாண்டில் கிடைக்கும் அதே சால்னா, உறைப்பு மட்டும் ஒரு பிடி குறைச்சல். தெருவில் தமிழும் மலையாளமும் இந்தியும் ஒன்றாய்க் கலந்து இரைந்தன. இதற்கா பாஸ்போர்ட் எடுத்தோம் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

மறுநாள் பஸ். நகரம் முடிந்து, மலை முடிந்து, அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. எங்கள் ஊர்ப் பொட்டலில் ஒரு கருவேல முள்ளாவது நிற்கும், தலையில் துண்டு போட்ட ஓர் ஆட்டுக்காரராவது தெரிவார். இங்கே அப்பளத்தைத் தேய்த்துப் பரப்பிய மாதிரி வெறும் பூமி. பார்த்துப் பார்த்துக் கண் வலித்தது.

பக்கத்து சீட்டில் புவனா என்று ஒரு பெண். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரி. நெடுஞ்சாலை ஓரத்துச் சின்ன டவுனில் ஓர் ஓமானி வீட்டில் வேலை செய்கிறாள். நான் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தேன். அவள் தேங்காய்ச் சம்பல் வைத்த பாணை எடுத்தாள். பாண் என்றால் நம் ஊர் ரொட்டி. இரண்டும் சேர்த்துச் சாப்பிட நன்றாகவே இருந்தது.

நான் போகிற இடத்தைச் சொன்னதும் அவள் கண்ணை விரித்தாள். "அங்க கடை இன்னும் இருக்கா அக்கா?"

"ஏன் அப்படிக் கேக்குற?"

"நான் வேல செய்ற வீட்டுப் பெரியவரும் அப்படி ஒரு எடத்து ஆள்தான். அங்க இருந்த கடைய மூடிட்டாங்களாம். மாவுக்கும் தண்ணிக்கும் இவ்வளவு தூரம் வந்து போக ஏலுமா? ஒவ்வொரு குடும்பமா டவுனுக்கு வந்துட்டாங்க. இப்ப ஏசி ரூம்ல இருந்துக்கிட்டு, என்ட ஒட்டகம் எங்கன்னு கேட்டு அழுவாரு. பாவமா இருக்கும் அக்கா."

நான் தலையை ஆட்டிவைத்தேன். அடுத்தவர் ஒட்டகத்துக்காக வருத்தப்படும் நிலைமையில் நான் இல்லை.

அந்தச் சின்ன டவுனில் பஸ் என்னை இறக்கிவிட்டது. அங்கிருந்து கடைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் டேங்கர் லாரியில் போக வேண்டும் என்று ஏற்பாடு. ஓட்டுநர் கான் பாய், பாகிஸ்தானி. எனக்குத் தெரிந்த இந்தி 'அச்சா'வோடு முடிந்துவிடும். அவருக்கும் அதுவே போதுமாக இருந்தது. தார் ரோட்டை விட்டு இறங்கி வெகுநேரம் போன பிறகு லாரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பின் சக்கரம் மணலுக்குள் பாதி போயிருந்தது. கான் பாய் இறங்கிப் பார்த்தார். "மாஃபி முஷ்கில்" என்றார். பிரச்சினை இல்லையாம். பிறகு பிரச்சினை இல்லாத மனிதராக லாரியின் நிழலில் ஸ்டவ்வைப் பற்றவைத்து டீ போட்டார். எனக்கு அழுகை வரும் போலிருந்தது. டீ மட்டும் பிரமாதம்.

இரண்டாவது டீயின்போது தூரத்தில் புழுதி கிளம்பியது. ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. ஓட்டியது ஒரு பெண். நெற்றியையும் மூக்கையும் மறைக்கும் கறுப்பு முகமூடிக்குள் கண்கள் மட்டும் தெரிந்தன. பின்னால் ஓர் ஆடு நின்றுகொண்டு என்னைப் பார்த்தது. அவள் என்னையும் என் பெட்டியையும் பார்த்துவிட்டு, கான் பாயிடம் "குமார்?" என்று கேட்டாள். அவர் தலையசைத்தார். அவள் கடகடவென்று சிரித்து, என்னைப் பார்த்துக் கையை உயர்த்தி, சுத்தமான தமிழில் "வைக்கிறேன்!" என்றாள்.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. பிறகுதான் உறைத்தது. சாயங்காலம் ஹார்ன் அடிப்பது இவள். என் வீட்டுக்காரர் போனில் கடைசியாகச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, எங்கள் ஊரில் வணக்கம் சொல்வதே அப்படித்தான் என்று நினைத்திருக்கிறாள். ஆக, என் எதிரிக்கு முகமூடியும் ஓர் ஆடும் உண்டு, பெயர் சல்மா.

பெட்டியை ஆட்டுக்குப் பக்கத்தில் ஏற்றினாள். கதவைச் சாத்தியதும் எனக்கு இன்னொரு குழப்பம். வண்டிக்குள் என் வீட்டு அலமாரி வாசனை அடித்தது. நான் குளிக்கிற அதே சந்தன சோப்பு வாசனை. வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்று பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

தகரக் கூரை போட்ட ஒரு கட்டடம், எதிரே ஒற்றை முள்மரம், மரத்தடியில் பெஞ்சு, பெஞ்சில் நாலைந்து ஆண்கள். இதுதான் கடை. வீடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தூரத்தில் புள்ளி வைத்தாற்போல் கிடந்தன. சல்மா கடையிலிருந்து சற்றுத் தள்ளி வண்டியை நிறுத்தி ஹார்னை அழுத்தினாள். இத்தனை வருஷமாக நான் போனில் கேட்ட சத்தம், இப்போது என் முழங்கைக்குப் பக்கத்தில் கேட்டது.

உள்ளேயிருந்து ஒரு மனிதர் மாவு மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தார். அவள் சொல்லாமலே அவளுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து எடுத்துவிட்டார் போலிருக்கிறது. தாடியில் பாதி நரை. கழுத்து எலும்பு தெரிந்தது. ஜன்னல் வரை வந்தவர் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"டேங்கர்லதான வர்றேன்ன?" என்றார். எங்களுடைய முதல் பேச்சு இதுதான்.

"டேங்கர் புதைஞ்சிருச்சு" என்றேன்.

மூட்டையை இறக்கிவைக்கத் தோன்றாமல் அதைக் கட்டிப்பிடித்தபடியே நின்றார். கண் கலங்கியிருந்தது. கட்டிப்பிடிக்க வேண்டியது மாவையா என்று கேட்கலாமென்றால் பெஞ்சில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சல்மா தன் மாவை வாங்கிக்கொண்டு, மண்வெட்டியோடு இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு, கான் பாயை மீட்கத் திரும்பிப் போனாள்.

கடைக்குப் பின்னாலேயே அவருடைய அறை. டின் மீனில் புளிக்குழம்பு வைத்திருந்தார். நான் கொண்டுவந்த ஊறுகாயோடு சாப்பிட்டோம். "என்ன முடிவு பண்ணிருக்கீங்க?" என்று கேட்டேன். "சாப்பிடு, நாளைக்குப் பேசலாம்" என்றார். அவ்வளவு தூரம் வந்தும் ஹார்ன் இல்லாமலே வைத்துவிட்டார்.

அடுத்த நாள் காலையில் கதவைத் திறந்தால் வெளியே ஒன்றுமே தெரியவில்லை. மார்கழிப் பனியை மிஞ்சும் மூடுபனி. கடல் வெகுதூரத்தில் இருந்தாலும் அதன் பனி இங்கே வரைக்கும் வருமாம். ஆடுகள் கல்லில் படிந்த ஈரத்தை நக்கிக்கொண்டிருந்தன. பனி விலகியதும் கடை திறந்தது, ஹார்ன்களும் ஆரம்பித்தன.

இவர்கள் இந்தப் பாலைநிலத்தின் பூர்வகுடிகள். தங்களுக்குள் அரபியில்லாத வேறொரு மொழி பேசுகிறார்கள். என் வீட்டுக்காரருக்கு இரண்டுமே வரும். ஆடு, ஒட்டகத்தோடு இங்கேயே இருக்க வேண்டும் என்பதுதான் இவர்களுடைய ஆசையெல்லாம். அதற்கு இந்தக் கடை வேண்டும். மாவு, அரிசி, பேரீச்சம்பழம், ஆட்டுத் தீவனம், டிரம்மில் பெட்ரோல், குடிதண்ணீர், காய்ச்சல் மாத்திரை, போன் சார்ஜ் போட சோலார் பிளக் எல்லாம் இங்கேதான். யாருக்குப் பிள்ளை பிறந்தது, எந்தப் பள்ளத்தில் மழை பெய்தது என்கிற தகவலும் இங்கேதான் வந்து இறங்கும். எங்கள் ரேஷன் கடையில் கார்டு இருந்தால் பொருள். இங்கே ஹார்ன் இருந்தால் பொருள். காரணம், இந்த ஊர்ப் பெண்கள் கடைக்குள் காலெடுத்து வைப்பதில்லை. மற்ற ஊர்களில் எப்படியோ, இங்கே வாசலில் ஆண்கள் உட்கார்ந்திருக்கும்போது அவர்களைத் தாண்டி உள்ளே போவது வழக்கமில்லை. தள்ளி நின்று ஹார்ன் அடிப்பார்கள். கடைக்காரர் ஓட வேண்டும்.

மத்தியானம் அவர் கான் பாயோடு தண்ணீர்த் தொட்டியை நிரப்பப் போய்விட்டார். நான் அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஹார்ன் கேட்டது. சல்மாவும் இன்னொரு பெண்ணும். போய் நின்றேன். அவள் ஏதோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை. உள்ளே வந்து எடுத்துக்கொள் என்று சைகை காட்டினேன். அவள் பெஞ்சைப் பார்த்தாள்.

பெஞ்சில் நடுவாக இருந்தவர் சயீத். அவர்தான் கடைக்குச் சொந்தக்காரர், சல்மாவின் அப்பா. என் வீட்டுக்காரர் அவரை அர்பாப் என்று கூப்பிடுவார். முதலாளி என்று பொருள். என் முறுக்கைத்தான் மென்றுகொண்டிருந்தார். எனக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ. "ஐயா, கொஞ்சம் எந்திரிச்சு அந்தப் பக்கம் போய் உக்காருங்க. பொம்பளைங்க வரணும்ல?" என்று கையை வீசினேன். வரிசையை ஒழுங்குபடுத்துகிற ரேஷன் கடைக் குரல் எந்த மொழிக்காரருக்கும் புரியும். சயீத் முறுக்கும் கையுமாக எழுந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள். மரத்துக்கு அந்தப் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

சல்மா வாசலில் ஒரு கணம் தயங்கினாள். பிறகு உள்ளே வந்தாள். கூட வந்தவளும் வந்தாள். வந்தவர்கள் ஒன்றையும் கேட்கவில்லை. தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். பருப்பு டப்பாவை ஆட்டிப் பார்த்தார்கள். ஒரு சீப்பு அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்கள். கீழ்த்தட்டில் தூசி படிந்து நாலைந்து வகை சோப்பு கிடந்தது. ரோஜா, எலுமிச்சை, இன்னும் என்னென்னவோ. ஒவ்வொன்றாக எடுத்து முகமூடியைத் தூக்கி மோந்து பார்த்து, ஒருத்தியிடம் ஒருத்தி நீட்டிச் சிரித்தார்கள். பிள்ளைகளைத் தேர்த் திருவிழாக் கடைக்குள் விட்ட மாதிரி இருந்தது. சாயங்காலத்துக்குள் விஷயம் பரவி, இன்னும் சில வண்டிகள் வந்தன.

என் வீட்டுக்காரர் திரும்பி வந்ததும் சல்மா அவரைப் பிடித்துக்கொண்டாள். விரலை நீட்டி நீட்டித் திட்டினாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு எனக்கு மொழிபெயர்த்தார்.

"இத்தனை சோப்பு வச்சுக்கிட்டு, எல்லாருக்கும் ஒரே சோப்பைக் குடுத்துக்கிட்டு இருந்தியான்னு கேக்குறா. ஊர்ல எல்லாப் பொம்பளையும் ஒரே வாசனை அடிக்கிறாளுகளாம். திரும்பிப் பாக்காம எவ வர்றான்னே தெரியலையாம்."

அப்போதுதான் மேல்தட்டைப் பார்த்தேன். வரிசையாக என் சந்தன சோப்பு.

"ஏங்க, அதையே குடுத்தீங்க?"

"அவங்க சோப்புன்னுதான் சொல்வாங்க. எந்த சோப்புன்னு சொல்ல மாட்டாங்க." ஒரு டப்பாவை எடுத்துத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். "எனக்குத் தெரிஞ்ச பொம்பள சோப்பு அது ஒண்ணுதான்."

நான் அரிசி மூட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இந்த மனுஷன்மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே கரைந்துபோயிற்று. மீதிப் பாதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன், பதில் இன்னும் வரவில்லையே.

அதற்கும் அடுத்த நாள் தூரத்து இடத்திலிருந்து ஒருவர் வந்தார். பெஞ்சிலிருந்தவர்கள் எழுந்து வரவேற்று, வட்டமாக உட்கார்ந்தார்கள். "செய்தி என்ன?" என்று சயீத் கேட்டதை என் வீட்டுக்காரர் மெல்ல எனக்கு மொழிபெயர்த்தார். "செய்தி ஒன்றும் இல்லை, எல்லாம் நலம்" என்றார் வந்தவர். பேரீச்சம்பழம் வந்தது. பால் கலக்காத ஏலக்காய்க் காப்பி வந்தது. கைப்பிடி இல்லாத குட்டிக் குவளை. ஆட்டு விலை பேசினார்கள், மேகம் பேசினார்கள். காப்பி சுற்றிச் சுற்றி வந்தது. வெகுநேரம் கழித்து வந்தவர் குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னார். எல்லோரும் அவர் பக்கம் குனிந்தார்கள்.

"என்ன சொன்னாரு?" என்று கிசுகிசுத்தேன்.

"வந்தவரோட தம்பிக்கு நெஞ்சு வலியாம். ஆஸ்பத்திரில சேத்துருக்காங்களாம். சயீத்தை வரச் சொல்லிக் கேக்குறாரு."

"அடப்பாவி! வந்ததும் ஒண்ணுமில்லன்னாரே?"

"எடுத்ததும் கொட்டக் கூடாது மல்லிகா. இங்க அப்படித்தான். ஒண்ணுமில்லன்னுதான் ஆரம்பிக்கணும். கேக்குறவங்க உக்காந்து, காப்பி ஊத்தி, காத்துக்கிட்டு இருக்கணும். இவங்களுக்கு நம்மமேல அக்கறை இருக்குன்னு தெரிஞ்சப்பறந்தான் உள்ள விஷயம் வரும்." பிறகு குவளையைக் காட்டினார். "போதும்னா கப்பை லேசா ஆட்டிக் குடுக்கணும். ஆட்டாம நீட்டினா ஊத்திக்கிட்டே இருப்பாங்க. விருந்தாளி குடிக்கிற வரைக்கும் யாரும் எந்திரிக்க மாட்டாங்க."

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அரிசி அளக்கப் போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். "ஒண்ணும் இல்ல, நல்லாருக்கேன்." தினமும் சாயங்காலம் எனக்குச் சொன்னது. இவர்களோடு இத்தனை காலம் இருந்து, இவர்கள் பேசுகிற மாதிரியே என்னிடமும் ஆரம்பித்திருக்கிறார். நான் அதையே பதில் என்று நினைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் பாய்ந்திருக்கிறேன். அல்லது ஹார்ன் வந்திருக்கிறது. காப்பி ஊற்ற ஆளில்லாமல் அவருடைய சேதியெல்லாம் அங்கேயே தங்கிவிட்டது.

அன்று பொழுது சாயும் நேரத்தில் டீ போட்டு எடுத்துக்கொண்டு கடை வாசலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்ன சேதி?"

"ஒண்ணும் இல்ல, நல்லாருக்கேன்" என்றார், பழக்கத்தில்.

டீயைக் கையில் கொடுத்தேன். காலியானதும் இன்னொரு டம்ளர் ஊற்றினேன். வெயில் மஞ்சளாகி, மரத்தின் நிழல் எங்கள் காலைத் தாண்டிப் போயிற்று.

"வரணும்னு ஆசைதான் மல்லிகா" என்றார். குரல் கரகரத்தது. "யாருகிட்ட விட்டுட்டு வர்றது? ரெண்டு பேரை வரவழைச்சுப் பாத்தாரு சயீத். ஒருத்தன் இந்த வெட்டவெளியப் பாத்துட்டு உக்காந்து அழுதான். இன்னொருத்தன் வந்த டேங்கர்லயே திரும்பிப் போயிட்டான். நான் போனா கடைய மூடணும். கடை மூடினா இவங்கள்லாம் டவுனுக்குப் போகணும். கான் பாய் தண்ணி கொண்டாறது கடைக்குத்தான, கடை இல்லேன்னா அதுவும் நின்னுரும்."

பஸ்ஸில் புவனா சொன்ன பெரியவர் ஞாபகத்துக்கு வந்தார். இப்போது அது யாரோ ஒருவருடைய ஒட்டகமாகத் தெரியவில்லை. நான் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினேன்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார். "பயமா இருக்கு. அங்க வந்து நான் என்ன செய்வேன்? லீவுக்கு வந்தா நீ காலைல கடைக்குப் போயிருவ. எந்த டப்பால என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. தெருவுல எல்லாரும் எப்பப் போறீங்கன்னுதான் கேப்பாங்க. இங்க ஹார்ன் அடிச்சாலாவது எனக்குத்தான் அடிக்கிறாங்கன்னு தெரியும்."

அவருக்கு என்னிடம் வர மனமில்லை என்று நினைத்து நான் எத்தனை நாள் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "டப்பா எதுன்னு நான் காட்டுறேன்" என்றேன். "தெருவுல கேக்குறவங்களுக்கு நான் பதில் சொல்றேன். என் குரல் உங்களுக்குத் தெரியும்ல." அவர் சிரித்தார். "ஆனா இவங்ககிட்ட நீங்கதான் சொல்லணும்."

"நாளைக்குச் சொல்லிடறேன்" என்றார். அந்த நாளைக்கு எனக்குத் தெரிந்த நாளைக்குத்தான்.

நல்லவேளை, மறுநாள் சயீத் எங்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தார். அந்தத் தம்பி பிழைத்துக்கொண்டார். பெரிய தாம்பாளத்தில் சோறு, மேலே ஆட்டுக்கறி. காரமே இல்லை, ஆனாலும் கறி வெண்ணெயாக வெந்திருந்தது. ஒட்டகப் பால் நுரையோடு வந்தது, லேசாக உப்புக் கரித்தது. பிறகு காப்பி. ஆண்கள் ஒரு பக்கம், சல்மாவும் பெண்களும் ஒரு பக்கம், விருந்தாளி என்று நான் நடுவில்.

"செய்தி என்ன குமார்?" என்றார் சயீத்.

"செய்தி ஒன்றும் இல்லை."

காப்பி வந்தது. ஆட்டைப் பற்றிப் பேச்சு, கான் பாயின் டயரைப் பற்றிப் பேச்சு. மற்றவர்கள் குவளையை ஆட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரரும் ஆட்டிக் கொடுத்தார். முழங்காலில் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். சொல்லாமலே கிளம்பப்போகிறார்!

நான் என் குவளையை ஆட்டாமல் நீட்டினேன். சயீத் ஊற்றினார். என் வீட்டுக்காரர் மறுபடி உட்கார்ந்தார். குடித்துவிட்டு மறுபடி நீட்டினேன். சயீத் ஊற்றினார். கசப்பென்றால் அப்படிக் கசப்பு, வேப்பங்கொழுந்தே தேவலை. மறுபடி நீட்டினேன். பெண்கள் பக்கம் ஒரு சிரிப்புக் கிளம்பி அடங்கியது. வெளியூர் அம்மாளுக்கு மரியாதை தெரியவில்லை என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். என் வீட்டுக்காரர் என் காதருகே குனிந்து, "ஆட்டு மல்லிகா, ஆட்டு" என்றார்.

"நீங்க சொல்லுங்க, நான் ஆட்டுறேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். குவளையைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, அவர்கள் மொழியிலேயே சொன்னார். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை, ஆனால் அவர் குரல் நடுங்கியதைக் கேட்டேன். அதன்பின் நான் குவளையை ஆட்டினேன்.

சயீத் அதை வாங்கிக் கீழே வைத்தார். அவர் பேசியதை என் வீட்டுக்காரர் பிறகு எனக்குச் சொன்னார். "ஒரு பெண் கடல் தாண்டி வந்து உட்கார்ந்திருக்கிறாள். செய்தி என்னவென்று எங்களுக்கு அன்றைக்கே தெரியும். நீ சொல்வதற்காகத்தான் காத்திருந்தோம். போ, குமார். உனக்கும் வீடு உண்டு." பிறகு அவர் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்கு இனி யார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பெண்கள் பக்கத்திலிருந்து சல்மாவின் குரல் வந்தது. சோப்புக்காகத் திட்டிய அதே குரல். ஒவ்வொன்றாக என் வீட்டுக்காரர் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தார்.

"எதற்கு ஊர் ஊராக ஆள் தேடுகிறீர்கள்? டவுனுக்கு வண்டி ஓட்டிப்போய் வருவது நான்தானே? கடைக்குள் என்ன இருக்கிறதென்று இந்த மூன்று நாளில் பார்த்துவிட்டேன். நான் உட்காருகிறேன்."

சயீத் யோசித்தார். "உள்ளே பெண் இருக்கிறாள் என்று ஆண்கள் வண்டியிலிருந்தே ஹார்ன் அடிப்பார்களே. நீ வெளியே ஓடுவாயா?"

"எதற்கு ஓட வேண்டும்? அவர்களுக்குக் கால் இல்லையா? இறங்கி வரட்டும். பெஞ்சு மட்டும் மரத்துக்கு அந்தப் பக்கமே இருக்கட்டும்."

முதலில் சிரித்தது சயீத்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். வெகுநேரம் வாக்குவாதமும் நடந்தது, அது வேறு. கடைசியில் என் வீட்டுக்காரர் சில மாதம் கூட இருந்து கொள்முதல், கணக்கெல்லாம் அவளுக்குப் பழக்கிவிட்டுக் கிளம்புவது என்று முடிவாயிற்று.

என் லீவு முடிந்து நான் முன்னால் கிளம்பினேன். டேங்கரில் ஏறும்போது சல்மா ஓடி வந்து ஒரு சோப்பை என் கையில் திணித்தாள். ரோஜா வாசனை. "வைக்கிறேன்" என்றாள். அதற்கு அர்த்தம் என்ன என்று நான் அவளுக்குச் சொல்லவே இல்லை. நானும் "வைக்கிறேன்" என்றேன்.

ஊருக்கு வந்ததும் பழையபடி ரேஷன் கடை, பழைய வரிசை. அவரும் பழையபடி சாயங்காலம் போன் செய்வார். அவர் ஒண்ணும் இல்ல என்று சொன்னால் நான் இப்போது ஒன்றும் கேட்பதில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைப்பேன். நேற்றும் அப்படித்தான்.

"என்ன சேதி?"

"ஒண்ணும் இல்ல, நல்லாருக்கேன்."

பாலை வைத்தேன். அந்தப் பக்கம் ஒரு வண்டி வந்து நிற்கிற சத்தம். ஹார்ன் அலறியது.

"ஹார்ன் அடிக்கிறாங்க, வைங்க" என்றேன்.

"அடிக்கட்டும். கால் இருக்குல்ல, இறங்கி வருவாங்க."

ஹார்ன் இன்னொரு தடவை அடித்தது. பிறகு வண்டிக் கதவு திறந்து மூடுகிற சத்தமும், உள்ளேயிருந்து சல்மா யாரையோ அதட்டுகிற சத்தமும் கேட்டன. பால் பொங்கியது. டீ கலந்து எடுத்துக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். அவர் இன்னும் லைனில்தான் இருந்தார்.

"மல்லிகா" என்றார். "டிக்கெட் போட்டாச்சு."